அணியே கொடுத்த பந்தில் வீரர் இடாத கையொப்பம்: பேஸ்பாலில் பதிலிக் கையொப்பங்கள் தோன்றிய கதை

கேள்வி இதுதான். 1950களின் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அணி அலுவலகமே அன்பளிப்பாகக் கொடுத்த பந்து ஒன்று ஒரு குடும்பத்தில் இருக்கிறது. அதைக் கையொப்பங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியபோது, மற்ற வீரர்களின் கையொப்பங்கள் உண்மையானவை, அணியின் நட்சத்திர வீரர் மிக்கி மேன்ட்டிலின் கையொப்பம் மட்டும் 'கிளப்ஹவுஸ்' வகை என்று அறிக்கை வந்திருக்கிறது. பந்து கடைக்காரரிடம் வாங்கியதல்ல. அணியிடமிருந்து நேராக வீட்டுக்கு வந்தது. அப்படியிருக்க அதில் உள்ள ஒரு பெயர் மட்டும் எப்படி வேறொருவர் கையால் எழுதப்பட்டிருக்கும், இந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது, சான்று நிறுவனத்தார் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

குடும்பம் சொல்லும் கதையும் சரியாக இருக்கலாம், அறிக்கையும் சரியாக இருக்கலாம் என்பதே நேரான பதில். பந்து அணியிடமிருந்து வந்தது என்பது அதன் பிறப்பிடத்துக்குச் சான்றே ஒழிய, அதில் உள்ள ஒவ்வொரு கையெழுத்துக்கும் சான்றாகாது. சொல்லப்போனால், பேஸ்பாலில் வீரருக்குப் பதிலாகப் பிறர் இட்ட கையொப்பங்களில் பெரும்பகுதி அணிகளின் உடைமாற்று அறைகளிலிருந்தும் வீரர்களின் சொந்த வீடுகளிலிருந்தும்தான் வெளியே வந்தன. ஏமாற்றிப் பணம் பண்ணும் எண்ணம் அவற்றின் பின்னால் இருக்கவில்லை, ஏனெனில் அன்று அந்தக் கையொப்பத்துக்குப் பணமதிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது.

சேகரிப்பாளர்கள் இவற்றை இரண்டு பெயர்களில் பிரிக்கிறார்கள். அணியின் உடைமாற்று அறையில் பணியாளரோ, உடற்பயிற்சி உதவியாளரோ, மட்டையெடுத்துக் கொடுக்கும் பையனோ, சில வேளைகளில் சக வீரரோ இட்டது கிளப்ஹவுஸ் கையொப்பம். தபாலில் வந்த கோரிக்கைகளுக்கு மனைவி, சகோதரி, செயலர் போன்றோர் இட்டு அனுப்பியது செக்ரட்டேரியல் கையொப்பம். இரண்டிலும் வீரருக்குத் தெரிந்தே, பெரும்பாலும் அவருடைய சம்மதத்தோடே, அவர் பெயர் எழுதப்பட்டது. வீரருக்கோ அணிக்கோ தொடர்பே இல்லாத ஒருவர் விற்பதற்காக எழுதும் போலி முற்றிலும் வேறு வகை. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வழக்கத்தின் வேர் பேஸ்பாலுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் நிலப் பட்டாக்கள் ஒவ்வொன்றிலும் தம் கையாலேயே ஒப்பமிட்டு வந்த காலத்தில், பட்டாக்கள் மலைபோல் குவிந்து, 1833ஆம் ஆண்டு ஆன்ட்ரூ ஜாக்சன் காலத்தில், தலைவர் பெயரில் ஒப்பமிடுவதற்கென்றே ஒரு செயலரை நியமிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றியது. அதற்குப் பிந்தைய பட்டாக்களில் தலைவரின் பெயர் இருக்கும், கை அவருடையதாக இருக்காது. பின்னர் ஹாலிவுட்டில் ஸ்டூடியோக்கள் ரசிகர் கடிதங்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தன. நடிகை ஜீன் ஹார்லோவின் புகைப்படங்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயரை எழுதியவர் அவருடைய தாயார் என்பது அத்துறைச் சேகரிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. கேட்பவர் எண்ணிக்கை ஒரு கையால் எழுதி முடிக்கும் அளவைத் தாண்டும் இடத்திலெல்லாம் இரண்டாவது கை ஒன்று தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

பேஸ்பாலில் இதற்கு முன்னோட்டமாக இன்னொன்றும் நடந்தது. 1905 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் வீரர் ஹோனஸ் வாக்னர், லூயிவில் நகரத்து மட்டை தயாரிப்பாளர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் கையொப்பத்தை மட்டைகளில் சுட்டுப் பதிக்க அனுமதித்தார். அதன்பின் கடையில் மட்டை வாங்கிய சிறுவன் எவனுக்கும் அந்தக் கையொப்பம் கிடைத்தது. வாக்னர் அந்த மட்டையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. பின்னாளில் மைதான வாசல்களில் அணி வீரர் அனைவரின் கையொப்பங்களும் அச்சிட்ட நினைவுப் பந்துகள் விற்பனைக்கு வந்தன. வீரரின் கையொப்பம் என்பது அவர் விரல்கள் அந்த இடத்தில் நகர்ந்ததன் தடயம் என்ற எண்ணம், ரசிகர்களிடம்கூட, அன்று இன்றைக்கு இருக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கவில்லை.

1920களில் யாங்கீஸ் நட்சத்திரம் பேப் ரூத் எழுந்ததோடு அளவே மாறிப்போனது. அவருடைய முகவர் கிறிஸ்டி வால்ஷ் 1921 முதல் ரூத் பெயரில் பத்திரிகைக் கட்டுரைகளை நாடெங்கும் விற்றார். எழுதியவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள், கீழே இருந்த பெயர் ரூத்தினுடையது. படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் அதை அறிந்தே படித்தார்கள். கட்டுரையையே பிறர் எழுதலாம் என்றிருந்த காலத்தில், படத்தின் ஓரத்தில் பெயரைப் பிறர் எழுதுவது பெரிய குற்றமாக யாருக்கும் படவில்லை. இத்தனைக்கும் ரூத் கையொப்பமிட அலுத்துக்கொண்டவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று, சூழ்ந்துகொண்ட சிறுவர்களுக்கெல்லாம் பொறுமையாக எழுதிக் கொடுத்தவர். அவருடைய உண்மையான கையொப்பங்கள் ஏராளமாக இருப்பது அதனால்தான். ஆனால் நேரில் நிற்கும் சிறுவனுக்கு முகம் இருக்கிறது. தபால் மூட்டைக்கு முகம் கிடையாது.

தபால் மூட்டை போய்ச் சேர்ந்த இடம் வீடு. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மாபெரும் பந்துவீச்சாளர் கிறிஸ்டி மேத்யூசன், காசநோயால் நலிந்து சாரனாக் லேக் என்ற மலையூரில் சிகிச்சை பெற்று, 1925இல் அங்கேயே இறந்தார். அந்த இறுதி ஆண்டுகளில் வந்த கோரிக்கைகளுக்கு அவர் பெயரில் ஒப்பமிட்டவர் மனைவி ஜேன். வாஷிங்டன் அணியின் வால்ட்டர் ஜான்சனுக்கு மனைவி ஹேஸல் அப்படி உதவினார்; ஹேஸல் 1930இல் மறைந்தார் என்பதால், ஜான்சனின் 1920களின் கையொப்பங்களில் அதிக எச்சரிக்கை வேண்டும், பிந்தைய காலத்தவற்றில் அந்தக் கை வர வழியில்லை. யாங்கீஸ் வீரர் லூ கெரிக் 1939இல் தசைகள் செயலிழக்கும் நோயால் ஆட்டத்தை விட்டு, 1941 ஜூனில் இறக்கும் வரையிலான காலத்தில் பேனாவைப் பிடிப்பதே அவருக்கு நாளுக்கு நாள் கடினமானது. மனைவி எலினோர் அவருக்காக எழுதினார். யாங்கீஸின் இன்னொரு நட்சத்திரமான ஜோ டிமாஜியோவின் தபால்களுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய சகோதரி மேரி கையொப்பமிட்டு அனுப்பினார். இவர்களில் எவரையும் போலி செய்தவர் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வரிசையில் தனித்து நிற்பது 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனின் கதை. தென் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்பில் வளர்ந்து, சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனதால் பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. 1908இல் அவர் மணந்த கேட்டி நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். ஒப்பந்தங்களைப் படித்துச் சொன்னதும், கடிதங்களுக்குப் பதில் எழுதியதும், ரசிகர்கள் அனுப்பிய அட்டைகளில் 'ஜோ ஜாக்சன்' என்று எழுதியதும் அவர்தான். தம் பெயரைத் தாமே போட்டாக வேண்டிய சட்டக் காகிதங்களில் மட்டும், கேட்டி எழுதிக் கொடுத்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து ஜோ வரைவார். கேட்டி அருகில் இல்லாத ஒரு நாள் என்ன விலை கொடுக்க வைத்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1920இன் தொடக்கத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் செயலர் ஹாரி கிராபினர், ஆண்டுக்கு 8,000 டாலர் வீதம் மூன்றாண்டு ஒப்பந்தத்தோடு சவானா நகரில் ஜாக்சனைச் சந்தித்தார். பத்து நாள் முன்னறிவிப்பில் வீரரை விலக்கும் வழக்கமான விதி அதில் இல்லை என்று அவர் வாய்வழியாகச் சொன்னதை நம்பி, மனைவி படித்துப் பார்க்காமலே கையொப்பமிட்டதாக ஜாக்சன் பின்னாளில் சம்பளப் பாக்கிக்காகத் தொடுத்த வழக்கில் கூறினார். அந்த வழக்கு 1924இல் மில்வாக்கியில் நடந்தது. ஜூரிகள் ஜாக்சன் பக்கம் நின்றார்கள், நீதிபதி அதை ஏற்காமல் தள்ளினார்.

வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த 1919 உலகத் தொடர் ஊழலுக்குப் பின் ஜாக்சன் ஆயுள் தடை பெற்றார்; 1951இல் இறந்தார். அவர் தம் கையால் இட்ட கையொப்பங்கள் மிகச் சில. 1911இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் அவரே இட்ட கையொப்பம் இருப்பதாக ஏற்கப்பட்டு, அப்படம் 2021 அக்டோபரில் சுமார் 14.7 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாகக் கையொப்பம் தங்குதடையின்றி ஓடியிருந்தால் அது அசலுக்கு அடையாளம், தயங்கித் தயங்கி நடுங்கியிருந்தால் சந்தேகத்துக்கு அடையாளம் என்பார்கள். ஜாக்சன் விஷயத்தில் அது தலைகீழ். எழுத்துகள் சீராக, அழகாக ஓடியிருந்தால் அது பெரும்பாலும் கேட்டியின் கை; ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே செதுக்கியதுபோல் நின்றால்தான் ஜோ எழுதியிருக்கக்கூடும் என்று யோசிக்கவே இடமிருக்கிறது.

இனி கேள்விக்கு நேராக உரிய இடத்துக்கு, அதாவது உடைமாற்று அறைக்கு, வருகிறேன். பெரிய அணிகளில் ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன்பு அறை நடுவிலுள்ள மேசையில் டஜன் டஜனாகப் பந்துப் பெட்டிகளைத் திறந்து வைப்பார்கள். அணி உரிமையாளரின் நண்பர்கள், நகர மேயர், மருத்துவமனை நிதிக்குழு, விளம்பரதாரர், எதிரணி நிர்வாகத்தின் விருந்தினர் என்று பந்து கேட்பவர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வீரர்கள் வரும்போதும் போகும்போதும் மேசையில் நின்று ஒவ்வொரு பந்திலும் தம் பெயரை எழுத வேண்டும். தையல்கள் மிக நெருங்கி வரும் குறுகிய வெற்றிடம் அணி மேலாளருக்கு என்பது மரபு. மற்றவர்கள் மற்றப் பக்கங்களில் அடுக்காக எழுதுவார்கள். ஒரு பந்தில் இருபது, இருபத்தைந்து பெயர்கள் சேர வேண்டும். மாற்று வீரருக்கு அது பெருமை, அவர் எழுதிவிடுவார். எல்லோரும் தேடும் நட்சத்திரத்துக்கோ அந்த மேசை தினசரித் தண்டனை. வெளியே வாசலில், ஓட்டலில், ரயில் நிலையத்தில், எங்கும் அவரிடம் பேனா நீட்டுகிறார்கள். உள்ளேயும் அதேதான் என்றால் அவர் மேசைப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்.

அவர் எழுதாமல் போனால் பந்து முழுமையடையாது. மேன்ட்டில் இல்லாத யாங்கீஸ் பந்தை மேயருக்குக் கொடுக்க முடியாது. அந்தப் பந்துகளைக் குறித்த நேரத்தில் முடித்து மேலே அனுப்ப வேண்டிய பொறுப்பு அறைப் பணியாளருடையது. அவருடைய வருவாயில் பெரும் பங்கு வீரர்கள் கொடுக்கும் அன்பளிப்புப் பணம். ஆகவே நட்சத்திரத்தைத் தொந்தரவு செய்வது அவருக்குக் கட்டாது. அந்தக் கையொப்பத்தை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் அவருடையது. பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. மீதியை விளக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் பதிலாக ஒப்பமிடுபவர், பதவிப் பெயருக்குப் பின் 'காக' என்று குறித்துத் தம் ஒப்பத்தை இடுவாரே, அந்த ஒரு குறிப்பு மட்டும்தான் இங்கே விடுபட்டது. மற்றபடி இதை அன்று யாவரும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள்.

யார் யார் இப்படி எழுதினார்கள் என்பதில் பல பெயர்கள் இன்று வெளிப்படை. யாங்கீஸ் அணியில் 1930களில் உடற்பயிற்சி உதவியாளராக இருந்த 'டாக்' பெயின்ட்டர், அந்த ஆண்டுகளின் அணிப் பந்துகளில் ரூத், கெரிக் இருவரின் பெயர்களையும் எழுதியவர் என்று சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1927இல் யாங்கீஸ் அறையில் வேலைக்குச் சேர்ந்து, 1985இல் இறக்கும் வரை அங்கேயே இருந்த பீட் ஷீஹி, டிமாஜியோ காலம் முதல் மேன்ட்டில் காலம் வரை இந்த வேலையைப் பார்த்தவராகக் கருதப்படுகிறார். யாங்கீஸ் உடைமாற்று அறைக்கே பின்னாளில் அவர் பெயரை வைத்தார்கள் என்றால் அணியில் அவருக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். பாஸ்டனில் நட்சத்திர வீரர் டெட் வில்லியம்ஸின் நெருங்கிய தோழரும், அவருக்கு 'தி கிட்' என்ற செல்லப்பெயரைச் சூட்டியவருமான அறைப் பொறுப்பாளர் ஜானி ஆர்லாண்டோ, வில்லியம்ஸ் பெயரை எழுதுவதில் கைதேர்ந்தவர். புரூக்ளினில் அடர்ந்த புருவத்துக்காக 'தி பிரௌ' என்று அழைக்கப்பட்ட சார்லி டிஜியோவான்னா, 1950களின் டாட்ஜர்ஸ் அணியில் ஏறக்குறைய எல்லா வீரர்களின் கையொப்பத்தையும் போடுவார் என்று பெயர் பெற்றவர். அந்தக் காலத்து டாட்ஜர்ஸ் பந்துகளில் சில, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரே கையாக இருப்பதற்கு அதுவே காரணம். ஜயன்ட்ஸ் பந்துகளில் அவ்வணி வீரர் மெல் ஆட் பெயர் இப்படி அடிக்கடி வரும்.

இது வெளியுலகுக்குத் தெரிந்தது மெதுவாகத்தான். யாங்கீஸ் அணியில் பந்துவீசிய ஜிம் பவுட்டன் 1970இல் வெளியிட்ட 'பால் ஃபோர்' என்ற நாட்குறிப்பு நூல், அறைக்குள் நடந்தவற்றை அறைக்கு வெளியே சொன்னதற்காகப் பெரும் புயலைக் கிளப்பியது. அதில் அவர், மேன்ட்டிலின் பெயரைப் பந்துகளில் எழுதியவர் அறைப் பணியாளர் பீட் பிரெவிட் என்றும், மேன்ட்டில் எழுதியதாக நம்பி மக்கள் வைத்திருக்கும் பந்துகளில் மிகப் பல அவர் கைவண்ணம் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைய வாசகர்களுக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி. நூலில் மேன்ட்டிலின் குடிப்பழக்கம் பற்றி எழுதியதற்குத்தான் பேஸ்பால் ஆணையர் முதல் ரசிகர் வரை கொதித்தார்கள். பந்துகளைப் பற்றிய வரிக்கு எவரும் கொதித்ததாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே வரியைச் சேகரிப்பாளர்கள் அடிக்கோடிட்டுப் படித்தார்கள்.

இடையில் நடந்தது பணத்தின் வருகை. 1970களில் வீரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளின் கண்காட்சிகளுக்குப் பழைய வீரர்களை அழைத்துக் கையொப்பமிட வைக்கும் வழக்கம் தொடங்கியது. 1980களில் அது பெருந்தொழிலானது. மேன்ட்டிலின் ஆட்டச் சம்பளம் 1963இல்தான் ஆண்டுக்கு 100,000 டாலரைத் தொட்டது. ஓய்வுக்குப் பின், மேசை முன்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கையொப்பமிட்டே அவர் அதைவிடப் பல மடங்கு ஈட்டினார். உடைமாற்று அறையில் எந்த வேலையைத் தவிர்க்கப் பணியாளரிடம் விட்டாரோ, அதுவே அவருடைய முதன்மைத் தொழிலாயிற்று. கையொப்பம் மரியாதைக்குக் கொடுக்கும் பொருளாக இருந்தவரை யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கு இடமில்லை. அதற்கு விலை வந்த நாளில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பந்துகள் எல்லாம் பின்னோக்கிச் சோதனைக்கு உள்ளாயின. எழுதியவர் நோக்கத்தில் மாற்றம் இல்லை, பந்தில் மாற்றம் இல்லை. ஆனாலும் அது இப்போது வேறு பொருள். என் கருத்தில், பதிலிக் கையொப்பங்களைப் பற்றிய கசப்பெல்லாம் இந்தக் கால இடைவெளியில் பிறந்தது. 1955இல் அந்தப் பந்தை வாங்கிய மேயரை யாரும் ஏமாற்றவில்லை, 1988இல் அதை மேன்ட்டில் பந்து என்று விற்றவர் ஏமாற்றியிருக்கலாம்.

சான்று நிறுவனத்தார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பந்தின் வயது. யாங்கீஸ் ஆடும் அமெரிக்கன் லீக்கின் பந்துகளில் லீக் தலைவரின் கையொப்பம் அச்சாக இருக்கும். வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 தொடக்கம் வரையும், ஜோ குரோனின் அதற்குப் பின் 1973 வரையும் தலைவர்கள். அச்சிலுள்ள பெயரும் அணியிலுள்ள வீரர்களின் பட்டியலும் ஒத்துப்போனால் ஆண்டைக் குறுக்கிவிடலாம். அடுத்தது மை. அமெரிக்கக் கடைகளில் பால்பாயின்ட் பேனா பரவலாக விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரின் இறுதியில், நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில். 1948இல் இறந்த ரூத்தின் பால்பாயின்ட் கையொப்பம் என்றால் அது அவருடைய கடைசி மூன்றாண்டுகளுக்குள் வந்ததாக மட்டுமே இருக்க முடியும். அதே மையில் 1930இல் கையொப்பமிட்ட பந்து என்று யாராவது நீட்டினால் மேலே பார்க்கத் தேவையே இல்லை.

பந்தின் வயது சரியாக இருந்தாலும் கிளப்ஹவுஸ் கையொப்பம் அதில் தப்பிவிடும், ஏனெனில் அது அதே நாளில், அதே அறையில் எழுதப்பட்டது. இங்கேதான் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். 1950களின் யாங்கீஸ் பந்து ஒன்றைக் கையில் சுழற்றிப் பார்த்தால், தோலின் பளபளப்புப் பூச்சு பழுத்து வெல்ல நிறத்துக்கு வந்திருக்கும். யோகி பெர்ராவின் பெயர் ஒரு நீலத்தில், வைட்டி ஃபோர்டின் பெயர் சற்று வெளிறிய இன்னொரு நீலத்தில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும். அடுத்தடுத்து வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு அவசரத்தில் பந்தைத் திருப்பிப் பிடித்து எழுதியதன் அடையாளம் அது. இவற்றுக்கு நடுவில் மேன்ட்டில் பெயரும், கீழே பெயர் தெரியாத ஒரு மாற்றுப் பந்துவீச்சாளரின் பெயரும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்தால் கண் அங்கே நிற்கும். மேன்ட்டிலின் பெயர் இருபுறத்துப் பெயர்களுக்கும் நடுவில் விட்டுவைத்த இடத்தில் அளந்து பொருத்தியதுபோல் அமர்ந்திருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். நட்சத்திரம் பெரும்பாலும் நல்ல இடத்தைப் பிடித்துப் பெரிதாக எழுதுவார்; கடைசியில் இடைவெளியை நிரப்புபவர் பணியாளர்.

இதன்பின் ஒப்பீடு. வீரரின் கைதான் என்று மறுக்க முடியாத மாதிரிகள் வேண்டும். அதற்கு மிகச் சிறந்தவை ஒப்பந்தங்களும் வங்கியில் மாற்றப்பட்ட காசோலைகளும். காசோலையில் பணியாளரை எழுத வைக்க எந்த வீரரும் துணியமாட்டார். மேன்ட்டிலின் முன்னெழுத்துகள் இரண்டும் அவர் ஆட்டக்காலத்திலேயே வடிவம் மாறி வந்தவை. 1951இல் எழுதியதுபோல் அவர் 1960களில் எழுதவில்லை. எனவே ஒப்பீடு அதே ஆண்டுகளின் மாதிரியோடு நடக்க வேண்டும். பணியாளரின் கையும் பழகிய கைதான், போலி எழுதுபவனைப்போல் அது நடுங்காது. வேகம், ஓட்டம் எல்லாம் இருக்கும். அதனால் நடுக்கத்தைத் தேடிப் பயனில்லை. எழுத்தின் கட்டமைப்பை, எங்கே பேனா தூக்கப்பட்டது, எங்கே இரண்டு எழுத்துகள் சேர்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. ஒரே பணியாளர் ஆயிரக்கணக்கான பந்துகளில் அதே பெயரை எழுதியிருப்பதால், அவருடைய 'மேன்ட்டில்' ஒரு தனி வகையாகவே அடையாளம் காணப்பட்டுவிட்டது. அறிக்கை 'போலி' என்று சொல்லாமல் 'கிளப்ஹவுஸ்' என்று துணிந்து சொல்வது அந்த வகையோடு ஒத்துப்போவதால்தான்.

விற்பனைக்கென்றே செய்த போலிகள் பேஸ்பாலைச் சூழ்ந்தது 1990களில். சான் டியாகோ அணியின் டோனி க்வின், தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையொப்பங்கள் விற்கப்படுவதைக் கண்டு புகார் சொன்னார். அதே நகரை மையமாகக் கொண்டு எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' புலனாய்வில், குடும்பத் தொழிலாகவே கையொப்பங்களை உற்பத்தி செய்துவந்த கும்பல் பிடிபட்டது. அதன் தொடர்ச்சியாக அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் தன் சான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் கையெழுத்தைப் பின்னர் ஆராய்வது என்ற பேச்சே இல்லை. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற காவல்துறையினர் அருகில் நின்று வீரர் எழுதுவதைக் கண்ணால் பார்த்தால் மட்டுமே எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படும். அறைப் பணியாளரின் பேனாவுக்கு அந்த முறையில் வழியில்லை. பழைய பந்துகளுக்கோ அப்படியொரு சாட்சியைத் திரும்ப வரவழைக்க முடியாது.

உங்கள் பந்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவே. மேன்ட்டில் பெயர் கிளப்ஹவுஸ் என்பதால் பந்தின் விலை வெகுவாகக் குறையும். அணிப் பந்தின் மதிப்பில் பெரும்பங்கு நட்சத்திரத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஆயினும் மற்ற கையொப்பங்கள் அசல் என்றால் பெர்ராவும் ஃபோர்டும் அதில் இருக்கக்கூடும். மேலாளர் கேஸி ஸ்டெங்கல் தையல் நடுவில் எழுதியிருந்தால் அதுவே தனி மதிப்பு. வேறொரு கருத்து வேண்டுமென்றால் இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஆனால் இருவரும் ஒரே முடிவைச் சொல்லும் வாய்ப்பே அதிகம். அந்தப் பெயரை அழித்துப் 'பந்தைச் சுத்தம் செய்து' தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தோலின் பூச்சு அதோடு போய்விடும், வடு நிற்கும். அணி அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ பெட்டியோ வீட்டில் இருந்தால் பந்தோடு சேர்த்து வையுங்கள். என்றைக்காவது விற்பதாக இருந்தால் 'மேன்ட்டில் – கிளப்ஹவுஸ்' என்று விவரக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்; அப்படி எழுதப்பட்ட பந்துகளை, உடைமாற்று அறை வரலாற்றுக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.